திரும்பி ஓடிய ஜீவராணி

"அந்த முழங்காலு அன்னைக்கு வலிக்குதுன்னுதானே கங்காணிகிட்ட சொன்னீங்க, சித்தி. இன்னைக்கு மட்டும் எப்புடி சிமெந்துத் தரையில மடங்குது? எந்திரிங்க. ஜெபம் போதும். இந்தாங்க கஞ்சி, அவங்க வாயில ஊத்துங்க."

ஆஸ்பத்திரியில், என் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து ஜீவராணி என்னிடம் இப்படிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை. சபையிலிருந்து என்னோடு வந்த நான்கு பெண்களும் நின்று கேட்டார்கள். நான் முழங்காலிட்டு, கையை உயர்த்தி, நோயாளிக்காகச் சத்தமாக ஜெபம் செய்துகொண்டிருந்தேன்.

"யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா? வாய அடக்கு" என்றேன்.

"உங்ககிட்டத்தான் பேசுறேன். கஞ்சி ஆறுது."

கோப்பையை என் கையில் வைத்துவிட்டு அவள் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். அவள் முகம் அப்போதும் வீங்கித்தான் இருந்தது. அதே வாட்டில் அவளும் நோயாளி. தன் கட்டிலை விட்டு எழுந்து வந்துதான் மற்றவளைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஜீவராணி யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் அதட்டினாள் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் எனக்காகக் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்கள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பிறந்தது பொகவந்தலாவை. திம்புள்ளப் பக்கம் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். கிறிஸ்மஸுக்கும் எலெக்சனுக்கும் வருவான். ஒரே மகள் நிலக்ஷி, பள்ளிக்கூடம் போகிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ஜீவராணி மூன்று வருஷம் குவைத்தில் ஒரு படுக்கைக் கிழவியைப் பார்த்துக்கொண்டவள். ஆளை நோகாமல் புரட்டுவது, குளிப்பாட்டுவது, புண் துடைப்பது எல்லாம் அங்கே பழகிய வேலை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் விழுந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

சபையில் அவள் கடைசி வரிசை. சாட்சி சொல்லக் கூப்பிட்டால் எழுந்து, "கர்த்தர் நல்லவரு, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் முதல் வரிசை. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அரை மணி நேரம் மூச்சு விடாமல் ஜெபிப்பேன். நான் ஆரம்பித்தால் பாஸ்டரே நடுவில் நிறுத்தப் பயப்படுவார்.

ஒரு ஈஸ்டர் அன்று ஜீவராணி பாதி ஆராதனையில் வந்தாள். கை முழுக்க சவுக்கார வாசம். கீழ் லயத்துச் சோலைமலை பக்கவாதம் வந்து கிடந்தார். அவரைக் கழுவி விட்டு வந்திருக்கிறாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"கர்த்தர் உயிர்த்த நாளுடி இது. அவருக்கு முந்தியா சோலமலை?"

"சோலமல நாத்தம் அடிச்சாரு சித்தி. கர்த்தர் அடிக்கல."

பாஸ்டர் காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டே போனார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

அம்மாக்கண்ணு எனக்கு அடுத்த காம்பரா. நடுவில் ஒரு சுவர்தான். அவள் கோழிகள் என் போஞ்சிப் பாத்தியைக் கிண்டியதிலிருந்து மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. பேச்சு இல்லை என்றால் நேராகப் பேச்சு இல்லை. கோழியைத் திட்டுவது போல அவளை நான் திட்டுவேன், பூனையைத் திட்டுவது போல என்னை அவள் திட்டுவாள். அப்படியிருந்தும் ஒரு தைப்பொங்கலுக்கு எனக்கும் ஒரு தட்டு கொண்டு வந்தாள். "நாங்க படைச்சத திங்க மாட்டோம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். ஜீவராணி வாங்கித் தின்று விரலையும் நக்கினாள். அதையும் பாஸ்டரிடம் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டு, "நல்லா இருந்திச்சாம்மா?" என்று கேட்டார்.

இனி அந்தக் குளவி விஷயம்.

எனக்கு அறுபத்தேழு வயது. வேலையிலிருந்து நின்ற பிறகும் நாட்கூலிக்குக் கொழுந்து எடுக்கப் போவேன். போன வருஷம் ஐப்பசியில் ஒருநாள், சாயந்திரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும், நான் மலைக்குள் ஒதுங்கப் போனேன். ஒரு தேயிலைச் செடிக்குள் பூசணிக்காய் அளவில் குளவிக்கூடு. கூட்டைப் பார்த்தவர்கள் அந்தச் செடியில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டுக் கங்காணியிடம் சொல்ல வேண்டும். அதுதான் மலையில் வழக்கம். சொன்னால் கூட்டை எரிக்கும்வரை அந்த மலையை மூடிவிடுவார்கள். நாங்கள் கொழுந்தே இல்லாத கீழ்மலைக்குப் போக வேண்டிவரும். மேல்மலையில் கொழுந்து நன்றாக நின்றது. நாளைக்கு எடுத்து முடித்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன். துணி கட்டவில்லை.

மறுநாள் காலை கங்காணி அழகுமுத்து, யார் எந்த நிரையில் எடுக்க வேண்டும் என்று பிரித்துவிட்டார். என் நிரை நேராக அந்தச் செடிக்குத்தான் போனது.

"கங்காணி, முழங்காலு புடிச்சிக்கிச்சு. ஏத்தத்துல ஏற முடியல. என்னைய ரோட்டோரமா போடுங்க" என்றேன்.

"ஒங்களுக்கு வர வர நோக்காடு கூடிப்போச்சு. ஏ அம்மாக்கண்ணு, நீ அந்த நிரைய எடு."

அம்மாக்கண்ணு என்னைத் தாண்டிப் போனாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நடிப்புக்காரி" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். அவளுக்கும் கண் இருக்கிறது, பார்த்து எடுப்பாள் என்று நினைத்தேன். ஒன்றிரண்டு கொட்டினால் அந்த வாய் அடங்கும் என்றும் நினைத்தேன். இதை மறைத்து எனக்கு இனி என்ன ஆகப்போகிறது.

பத்து மணி இருக்கும். மேலே அலறல் கேட்டது. கறுப்பாக ஒரு கூட்டம் எழும்பி இறங்கியது. கூடைகளைப் போட்டுவிட்டு எல்லாரும் ரோட்டுக்கு ஓடினோம். முதலில் ஓடியவள் நான். சின்னப் பெண்களையும் முந்தினேன். ரோட்டில் நின்று மூச்சு வாங்கும்போது ஜீவராணி சுற்றிப் பார்த்தாள்.

"அம்மாக்கண்ணு பெரியம்மா எங்க?"

நான் அந்தச் செடி இருந்த பக்கம் கையை நீட்டிக் காட்டினேன். ஜீவராணி இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்தாள். கொழுந்து எடுக்கும்போது செடி கிழிக்காமலிருக்க நாங்கள் கட்டுகிற தடித்த ரப்பர் சீலை அது. அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்த வழியே மலைக்குள் ஓடினாள். குளவி எழும்பிய மலைக்குள் திரும்பி ஓடிய ஆளை என் வயதில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்மாக்கண்ணு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து கிடந்திருக்கிறாள். ஜீவராணி படங்கால் அவளை மூடி, அவள் மேல் தானும் குப்புறப் படுத்துக்கொண்டாள். ஆண்கள் புகை போட்டு மேலே போகக் கால் மணி நேரம் ஆனது. இரண்டு பேரையும் கொழுந்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் ரோட்டோரத்தில் நின்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு குளவிகூடக் கொட்டவில்லை.

இப்போது உங்களுக்குத் தெரியும், அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று. அன்று கஞ்சியை ஊட்டி முடித்து, வாட்டுக்கு வெளியே அவளைப் பிடித்தேன்.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"முழங்காலு வலிக்காரி எங்க எல்லாரையும் முந்திக்கிட்டு ஓடுனீங்களே. அவங்க எங்கன்னு நா கேட்டப்பவும் நீங்க தேடல. நேரா அந்தச் செடியத்தான் காட்டுனீங்க."

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"நா ஏன் சொல்லணும்? நீங்கதான் சொல்லணும். அவங்ககிட்ட."

"சொன்னா என்னயக் கொன்னுபுடுவா."

"அவங்களால எந்திரிக்க முடியாது. சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிருங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வீங்கிய முகத்தில் சிரிக்க வலித்திருக்கும், உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நாளையிலருந்து பகலுக்கு நீங்க இருங்க சித்தி. அவங்க மகன் கஜேந்திரனுக்கு லீவு குடுக்க மாட்டேங்கிறாங்களாம். நாளைக்கு என்னைய துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புறாங்க, நா வேலைக்குப் போகணும்" என்றாள்.

போனேன். பக்தியால் போகவில்லை. போகாவிட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்ற பயத்தில் போனேன்.

அம்மாக்கண்ணுவுக்குக் கண் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்தன. சிறுநீர் சரியாகப் போகவில்லை. நான் வாயைத் திறக்காமல் ஊட்டினேன், துடைத்தேன், படுத்தபடியே ஒதுங்கப் பீங்கான் வைத்தேன். அவள் என்னை ஜீவராணி என்றே நினைத்துப் பேசினாள்.

"ஜீவா, அந்த அருளாயி வந்து நின்னு கத்துனாளே, பேய் ஓட்டுற மாதிரி. எனக்கு உள்ள உசுரும் போயிருக்கும்."

அருளாயி நான்தான். அடுத்த கரண்டியை நீட்டினேன்.

"எங்கோழிய யாரு பாக்குறா? அவ வெரட்டிருப்பா."

கோழிக்குக் காலையில் நான்தான் அரிசிக்குறுணல் போட்டுவிட்டு வந்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. சொன்னால் குரல் தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் ஊட்டும்போது என் கையைப் பிடித்துத் தடவினாள். விரலை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"ஜீவா கை இப்புடி மரக்கட்ட மாதிரி இருக்காதே. யாரு, நீயா?"

"நாந்தான்" என்றேன்.

என் கையை விட்டுவிட்டு வாயைத் திறந்தாள். ஊட்டினேன், சாப்பிட்டாள். திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். பதிலுக்குத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். வாயைத் திறந்து சாப்பிட்டதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"அந்தக் கூட்ட நா மொத நாளே பாத்துட்டேன். துணி கட்டல. தெரிஞ்சுதான் நிரைய மாத்திக்கிட்டேன். ஒன்ன அங்க போடுவாங்கன்னு தெரியாது. போட்டப்பறமும் சொல்லல."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். வாயிலிருந்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"கோழிக்காகவா?"

கோப்பையின் விளிம்பில் ஒட்டியிருந்த கஞ்சியைத் துடைத்தேன்.

"கஞ்சிய வச்சிட்டுப் போ" என்றாள்.

சாயந்திரம் தோட்டத்துக்கு வந்து ஜீவராணியிடம் சொன்னேன். அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"போகச் சொல்லிட்டா."

"சரி. நாளைக்கு வெள்ளன போங்க. ஒரு வாரமா அந்தத் தலையில தண்ணி படல, கழுவி விடணும்."

"போன்னு சொன்னவகிட்ட திரும்பி எப்புடிடி போறது?"

"மன்னிக்கிறதும் மன்னிக்காததும் அவங்க பாடு. தல அழுக்கா இருக்கே, அத யாரு பாக்குறது?"

மறுநாள் போனேன். அம்மாக்கண்ணு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தலையைக் கொடுத்தாள். முடிக்குள் இன்னும் இரண்டு செத்த குளவி இருந்தன. எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்து போட்டேன். இன்னும் எட்டு நாள் அப்படியே போய் வந்தேன். நடுவில் கங்காணியிடமும் போய்ச் சொன்னேன். இனி மலைக்கு வர வேண்டாம் என்றார். அது சரிதான். சபையில் சொல்ல எழுந்தேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். ஜீவராணி கடைசி வரிசையில் தலையை நிமிர்த்தாமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். குளவி கொட்டிய அவளுடைய இடது காதில் இன்னமும் இரைச்சல். அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் கேட்காது. நான் மறந்துபோய் அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுவிட்டு, சுற்றிப் போய் மறுபக்கம் நிற்பேன்.

அம்மாக்கண்ணு வீட்டுக்கு வந்தாள். காலில் பலம் இல்லை. குந்தி எழும்ப முடியாது. காலை வெயிலில் தினமும் உட்கார வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவள் காம்பராவுக்கு முன்னால் பெரிய மண்மேடு, மத்தியானம் வரை வெயில் விழாது. வெயில் விழுவது என் இஸ்தோப்பில். வீட்டுக்கு முன்னால் கூரை இறக்கிய அந்தச் சின்ன இடத்தில்தான் நான் விறகு அடுக்கி வைத்திருந்தேன். அவளைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவளும் வரமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை ஜீவராணி டவுனுக்குப் போய், கை வைத்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். கேட்காமலே என் விறகைத் தள்ளி அடுக்கிவிட்டுக் கதிரையை என் இஸ்தோப்பில் போட்டாள்.

"வெயிலு ஒங்க பக்கந்தான் விழுது சித்தி. அவங்க இங்கதான் ஒக்காருவாங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம். ஜெபமும் பண்ண வேணாம்."

"அவ வருவாளா?"

"ஒங்களுக்காக வர மாட்டாங்க. வெயிலுக்கு வருவாங்க."

அம்மாக்கண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் பக்கம் முதுகைக் காட்டிக் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு வருகிறாள், பதினொரு மணிக்குப் போகிறாள். நான் உள்ளே இருந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் திரும்பியதில்லை. வராமலும் இருந்ததில்லை.

கதிரை என்ன விலை என்று ஜீவராணியிடம் கேட்டேன். "மறந்து போச்சு" என்றாள். அவளுக்கு எதுவும் மறக்காது. அடுத்த தடவை டவுனுக்குப் போனபோது, கதிரை விற்கிற ஷிஹாபின் கடையில் விசாரித்தேன்.

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். அவளுடைய இரண்டு மூன்று நாள் கூலி.