அக்காவைச் சுற்றிய மஞ்சள் கதிர்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கொழும்பில் ஹோட்டல் வேலை, கட்டட வேலை என்று திரிந்துவிட்டு, ராகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் அக்காவின் லயத்து வீட்டுக்கு வந்திருந்தபோது, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை கிடைத்தது. அதில் படம் வரைய வந்தவர் அமெரிக்காவில் பிறந்த பெண். மெக்சிகோவிலிருந்து போன குடும்பமாம்.

அவரைப் போலவே மெக்சிகோ வழி வந்து, தங்களைச் சிக்கானா என்று சொல்லிக்கொள்ளும் பெண்கள் வரைந்த படங்களைப் போனில் காட்டினார். மேரி மாதாவைச் சுற்றிப் போடும் தங்கக் கதிரைத் தையல்காரிக்கும், பழப்பெட்டி தூக்குகிறவளுக்கும் போட்டிருந்தார்கள். அவருடைய அம்மாவும் பழம் பறித்தவர்தானாம். என்னுடைய ஹோட்டல் இங்கிலீஷுக்கு அவ்வளவுதான் விளங்கியது.

சுவரில் அக்காவை வரைந்தார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எதிர்த்துப் பேசுகிறவள் அவள்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எட்டடி உயரத்தில், முதுகில் கூடையோடு நின்றாள். பின்னால் கதிர்களுக்கு மஞ்சள் அடித்தது நான்.

அவர் ஊருக்குப் போன அடுத்த வெள்ளிக்கிழமை சுவரடியில் கற்பூரம் எரிந்திருந்தது. பிறகு குங்குமம் வந்தது. பிள்ளைகளை விட வருகிறவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். மலையோரக் கல்லுச்சாமிக்கு வைக்கும் முதல் பிடிக் கொழுந்தை இங்கே வைத்தார்கள்.

அக்கா முதலில் சிரித்தாள். "நேத்து ரெண்டு வெங்காயம் கேட்டு சண்ட புடிச்சவ, இன்னைக்கு என்னைய கும்புடுறாடா!"

ஒரு மழை நாளில் கொழுந்து ஈரம் என்று, நிறுக்கிற கணக்கப்பிள்ளை எல்லோருடைய நிறையிலும் இரண்டு கிலோ கழித்தார். அக்கா சத்தம் போட்டாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"தாயே, நீங்களே இப்பிடி கோவிச்சுக்கலாங்களா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வழக்கமாக அவளோடு சேர்ந்து கத்துகிறவளே கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கக்கா. ஒங்க வாயில அதெல்லாம் வரக்கூடாது."

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: "அந்த மஞ்சள அழிச்சுடு."

"அந்தம்மா ஆசையா வரஞ்சதுக்கா."

"நான் திட்டணும், அந்தாளு திருப்பித் திட்டணும். கும்புட்டா நான் என்னத்தடா பேச?"

எனக்குக் குழப்பமாக இருந்தது. அந்த ஊரில் கூலிக்காரியை நிமிர்த்திக் காட்டிய கதிர், இங்கே இவள் வாயை அடைத்துவிட்டது. கதிர் அதேதான். போட்டவர்கள் மேலும் தப்பில்லை. கும்பிட்டவர்களும் கேலிக்குக் கும்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சளுக்கு மேல் தேயிலைப் பச்சை அடித்தேன். கற்பூரத்தோடு வந்த ஒருத்தி பதறினாள். "அக்காவுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?" இல்லை என்றேன். கற்பூரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிப் போனாள்.

மறுநாளும் ஈரம், மறுநாளும் கழிவு. "ஒனக்கு வாய் ரொம்ப நீளம்" என்றார் கணக்கப்பிள்ளை.

"அளந்தீங்களா? அதுலயும் ரெண்டு அங்குலம் கழிச்சிருப்பீங்களே!"

பெண்கள் கூவினார்கள். கழித்தது கழித்ததுதான், கிலோ திரும்பவில்லை. ஆனாலும் அக்கா அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அந்த வாரமே ஓவியரிடமிருந்து மெசேஜ் வந்தது. படம் எப்படி இருக்கிறது, பெண்களுக்குப் பிடித்திருக்கிறதா, ஒரு போட்டோ அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். எடுத்தேன். பச்சைக்கு நடுவே அக்கா வெறும் கூடைக்காரியாக நிற்கிறாள். நான் படத்தைக் கெடுத்தேனா, முடித்து வைத்தேனா, தெரியவில்லை. போட்டோ இன்னும் போனிலேயே கிடக்கிறது.