ஓரகத்தி பிரதான் ஆன வருஷம்

எங்கள் பஞ்சாயத்தில் பத்து வருஷம் நான் வார்டு மெம்பர். போர்ட் பிளேரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். தமிழர்கள், வங்காளிகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து மேட்டில் குடிசை போட்டிருக்கும் ராஞ்சிக்காரர்கள், கைதிகள் காலத்திலிருந்தே தீவில் இருக்கும் லோக்கல் குடும்பங்கள் என்று எல்லாரும் உண்டு. எல்லாருக்கும் பொதுவான பாஷை தீவு ஹிந்தி. நான் போர்ட் பிளேரில் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ரேஷன் கார்டு, பட்டா, பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் என்று எல்லாவற்றுக்கும் என் கையால் எழுதியிருக்கிறேன். ஆகையால், பஞ்சாயத்துத் தலைவர் பதவி, எங்கள் பக்கம் அதைப் பிரதான் என்பார்கள், இந்த முறை பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்தபோது, அது எனக்குத்தான் என்று நான் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

ஊரார் வேறு மாதிரி நினைத்தார்கள். அவர்கள் நிறுத்தியது என் ஓரகத்தியை, அதாவது என் கணவரின் தம்பி மனைவியை.

அவள் லோக்கல் குடும்பத்துப் பெண். என் கொழுந்தனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். பத்தாவது பாஸாகவில்லை. தமிழை எங்கள் வீட்டுக்கு வந்துதான் கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் பாதித் தமிழ், பாதி ஹிந்தி. மனு எழுதத் தெரியாது. ஆனால் யார் வீட்டு அடுப்படிக்கும் நேராகப் போய் உட்கார்ந்துவிடுவாள்.

பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர் தமிழ்நாட்டில் எங்கள் ஜில்லாக்காரர். அவரிடம் நான் நேராகவே கேட்டேன், "அண்ணாச்சி, எனக்கு என்ன குறைச்சல்?"

அவர் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "கொறச்சல் ஒண்ணும் இல்லத்தா. நீ பேசுனா நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கு. அந்தப் புள்ள பேசுனா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. அம்புட்டுதான்."

அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து பல நாள் மென்றேன்.

அவள் ஜெயித்தாள். நானும் என் வார்டில் மறுபடி ஜெயித்தேன். ஆக, அவள் தலைவர் நாற்காலியில் உட்கார, நான் பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னை ஊர் 'மெம்பர் தீதி', அதாவது மெம்பர் அக்கா, என்று கூப்பிடும். நேற்றுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அவளைப் 'பிரதான் ஜி' என்றார்கள். கூட்டத்தில் அவள் எழுந்தால் நாலு பேர் எழுந்தார்கள். நான் எழுந்தால், டீ சொல்லத்தான் எழுகிறேன் என்று நினைத்தார்கள்.

கோயில் வளைவில் தெருவிளக்கு எரியாமல் கிடந்தது. அதற்கு நான் மூன்று கடிதம் எழுதியிருந்தேன். அவள் லைன்மேனுக்கு ஒரு போன் போட்டாள். "பையா, உன் மாமியார் ஊருக்கு வந்தா இந்த வழியாத்தான் நடக்கணும், விழுந்தா நான் பொறுப்பு இல்ல" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தாள். மறுநாள் விளக்கு எரிந்தது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் அதன் படத்தைப் போட்டு அவளுக்குக் கை கூப்பியவர்களை நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். என் கணவரும் கூப்பியிருந்தார்.

பெரிய பிரச்சினை தண்ணீர். மழை நின்று ஜனவரி பிறந்தால் போதும், ஓடை இளைத்துவிடும். பழைய தொட்டி பள்ளத்தில் இருப்பதால், மேட்டிலிருக்கும் ராஞ்சிக்கார வீடுகளுக்குக் குழாய் இருந்தும் தண்ணீர் ஏறாது. பெண்கள் கேன்களோடு இறங்கி ஏறுவார்கள். உயரத்தில் ஒரு தொட்டி கட்டினால் தீர்ந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கே கட்டுவது என்பதுதான் கேள்வி.

அந்த வருஷ முதல் கிராம சபாவில் அவள் எழுந்து, "ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்கற டீக்ரி மேல" என்றாள். டீக்ரி என்றால் குன்று. சமமான இடம், யாருடைய தோட்டமும் இல்லை, ஓடைக்கும் பக்கம். கூட்டம் கை தட்டியது.

அந்த இடம் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

முன்பு நான் மெம்பராகிக் கொஞ்ச நாளில் அதே குன்றுக்காக மனு கொடுத்திருந்தேன். காரியம் முடிந்தபின் ஊருக்குச் சொல்லி அசத்த வேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் நானே போர்ட் பிளேர் ஆபீஸுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த இடம் காட்டு எல்லைக்குள் இருக்கிறது, கட்டடம் கூடாது என்று பதில் வந்தது. எல்லைக் கற்கள் புதருக்குள் மறைந்து கிடப்பதால் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. தோற்றதைச் சொல்ல வெட்கப்பட்டு அந்தப் பதிலை நான் மடித்து வைத்துவிட்டேன். பதில் வந்தது தெரிந்த அப்போதைய பஞ்சாயத்து செக்ரட்டரியும் மாற்றலாகிப் போய்விட்டார்.

கை தட்டல் அடங்கியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?"

சபை முழுக்க என்னைப் பார்த்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் சொன்னது இதுதான்: "நல்ல இடம்தான்."

பொய் சொல்லிவிட்டோம் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. படிக்காதவள் தானே போய் முட்டிக்கொள்ளட்டும் என்றுதான் தோன்றியது.

அனுமதி வரும்வரை சும்மா இருப்பானேன் என்று ஊரே சேர்ந்து இடத்தைச் சுத்தம் செய்ய ஏறியது. அவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிவாள் பிடித்தாள். மேட்டுக் குடிசையில் தனியாக இருக்கும் ஒரு ராஞ்சிக்காரக் கிழவி மூன்று நாளும் வந்தாள். நானும் ஒரு நாள் போய் நாலு செடி வெட்டினேன், யாரும் குறை சொல்லக்கூடாதே. மூன்றாம் நாள் காட்டிலாகாக் காவலர் வந்தார். கோபப்படவில்லை. பெரணிச் செடிகளைக் காலால் விலக்கி, அடியில் இருந்த கல்லைக் காட்டினார். "இதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது, பிரதான் ஜி" என்று ஹிந்தியில் சொன்னார். அரிவாள்கள் எல்லாம் அப்படியே நின்றன.

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் போர்ட் பிளேர் போனாள், ஆபீஸில் கேட்டுப்பார்க்கிறேன் என்று. அங்கே டாலிகஞ்சில் இருக்கும் என் மகள் வீட்டில்தான் தங்கினாள். "சித்தி வந்திருக்காங்கம்மா, மீன் வாங்கியிருக்கேன்" என்று மகள் போனில் சந்தோஷமாகச் சொன்னாள். நான் போகும்போது மகள் எனக்குச் சாம்பார்தான் வைப்பாள். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஓரகத்தி திரும்பி வந்த வாரமே கிராம சபா கூடியது. எல்லாரும் கொதித்துப்போய் இருந்தார்கள். அந்தக் கிழவி எழுந்து நின்றாள். "மேரா தீன் தின் கா மெஹனத்! யார் திருப்பித் தருவா?" என்று கேட்டாள். மூன்று நாள் உழைப்பு. ஒரு வங்காளி, "பழைய மெம்பர் யாருக்குமே இது தெரியாதா?" என்றார். நான் குனிந்து பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடினேன்.

என் ஓரகத்தி எழுந்தாள். "கல்தி என்னோடது" என்றாள், தப்பு தன்னுடையது என்று. "நான் விசாரிக்காம வேலைய ஆரம்பிச்சேன். மாப் கரோ, மன்னிச்சுடுங்க."

அவள் தலை குனிந்து நின்றதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதத்தான் இவ்வளவு நாள் தயங்கினேன். ஆனால் உண்மை அதுதான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது. மேட்டுப் பாதை பிரியும் இடத்தில் அந்தக் கிழவி இரண்டு கேன்களைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "நமஸ்தே மெம்பர் தீதி" என்றாள். அதற்குப் பிறகு சந்தோஷமாக இல்லை.

மறுநாள் காலையில் நான் பாக்கு உரித்துக்கொண்டிருந்தபோது ஓரகத்தி வந்தாள். எப்போதும் போல நேராக அடுப்படிக்குள் நுழைந்து தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே அக்கா?"

என் பழைய மனு. அடியில் வளைத்து வளைத்துப் போட்ட என் கையெழுத்து. ஆபீஸில் பழைய பைலைத் தேடி எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் சபையில் தலை குனிந்து நின்றபோதே அவளுக்கு எல்லாம் தெரியும்.

நான் கேட்டேன்: "நேத்து சபையில ஏன் சொல்லல?"

"சொன்னா? எல்லாரும் உங்கள திட்டுவாங்க. பானி வந்துடுமா, தண்ணி?"

"உனக்கு என் மேல கோபமே இல்லையா?"

"ஏன் இல்ல? பஸ்ஸுல ரெண்டு மணி நேரம் உங்கள திட்டிக்கிட்டேதான் வந்தேன். ஹிந்தில. தமிழ்ல எனக்கு அவ்ளோ கெட்ட வார்த்தை தெரியாது." அவள் சிரிக்கவில்லை. "எதுக்கு செஞ்சீங்க? அத மட்டும் சொல்லுங்க."

"பொறாமை" என்றேன்.

"பொறாமைன்னா?"

இருபது வருஷமாக எங்கள் குடும்பத்தில் இருப்பவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. "ஜலன்" என்று ஹிந்தியில் சொன்னேன். ஹிந்தியில் அந்தச் சொல்லுக்கு எரிச்சல் என்றும் பொருள், தீக்காயம் பட்ட இடத்தில் எரிவது போல. அது சரியான சொல்தான்.

"அது எனக்கு மாலும், தெரியும்" என்றாள். "ஜெயிச்ச அன்னிக்கு எனக்கு மாலை போட்டீங்க இல்ல, அப்பவே மூஞ்சில தெரிஞ்சுது. ஆனா பானி விஷயத்துல செய்வீங்கன்னு நெனைக்கல."

நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. எனக்கு அழுகை வரவில்லை. இவள் என்னை இந்த அளவு கண்டுபிடித்துவிட்டாளே என்று அதற்கும் ஒரு எரிச்சல்தான் வந்தது.

"வேற இடம் எது? உங்களுக்குத் தெரியும்" என்றாள் அவள்.

தெரியும். மனு திரும்பி வந்த அன்றே நான் யோசித்து வைத்திருந்த இடம். எங்கள் பாக்குத் தோட்டத்தின் மேல் மூலை. பட்டா நிலம், என் கணவர் பேரில் இருக்கிறது. அங்கிருந்து குழாய் போட்டால் மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் தானாக இறங்கும். அங்கே நான் வைத்து வளர்த்த பாக்கு மரங்கள் காய்க்கத் தொடங்கியிருந்தன. மரம் போவதைப் பற்றிக்கூட நான் அவ்வளவு கவலைப்படவில்லை. என் நிலத்தில், என் மரத்தை வெட்டி, அவள் பேர் வாங்கும் தொட்டி வருமே என்றுதான் நாலு நாள் தூங்காமல் புரண்டேன். கணவரிடம் சொன்னபோது, "உன் இஷ்டம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் நானே அவள் வீட்டுக்குப் போய், "பேப்பர் எடு" என்றேன்.

அந்த மனுவை மாதிரி நான் வேறெதையும் எழுதியதில்லை. மேட்டு வீடுகளின் எண்ணிக்கை, ஓடையின் தூரம், நிலத்தின் சர்வே விவரம், எல்லாம் ஒழுங்காக. கடைசியில் பிரதான் என்று போட்ட இடத்தில் அவள் ஹிந்தியில் கையெழுத்துப் போட்டாள். இருவரும் சேர்ந்தே பஸ் ஏறினோம். ஆபீஸில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். நான் சுவரோரம் நின்றேன். அதிகாரி படித்துவிட்டு, ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறீர்கள் பிரதான் ஜி என்றார்.

"நான் இல்ல சார். மேரி ஜேட்டானி நே லிகா. நிலமும் இவங்களோடதுதான்" என்று அவள் என்னைக் கைகாட்டினாள். ஜேட்டானி என்றால் கணவனின் அண்ணன் மனைவி; அவர்தான் எழுதினார் என்றாள். உடனே எனக்கும் ஒரு நாற்காலி வந்தது. உட்கார்ந்தேன். அந்த நாற்காலியும் அவள் கொடுத்ததுதானே என்று உள்ளே ஒன்று முணுமுணுத்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த முணுமுணுப்பு நிற்கவில்லை.

ஒரு மழைக்காலம் கழித்துத் தொட்டி வந்தது. அடுத்த கோடையில் மேட்டுக் குழாய்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது. முதல் நாள் தண்ணீர் விட்டபோது ஊரே மேட்டில் கூடியது. குழாய் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு செம்மண் கலந்த தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யாராவது என்னிடமும் ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றேன். அந்தக் கிழவி என்னை நோக்கி வேகமாக வந்தாள்.

"மெம்பர் தீதி, தோடா ஹட்டோ" என்றாள். "பால்டி வைக்கணும்."

நகர்ந்துகொண்டேன். அவள் வாளி நிறைவதை நின்று பார்த்தேன். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் எனக்கு யார் பேரும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த தேர்தல் நெருங்குகிறது. பிரதானுக்கு நிற்பீர்களா என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். நிற்க ஆசை இருக்கிறது. இல்லையென்று சொன்னால் மறுபடி பொய்யாகும். அவளிடமே சொன்னேன். "நில்லுங்க அக்கா, நானும் நிப்பேன்" என்றாள். பிறகு, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கிறதே, அதற்கு ஒரு லெட்டர் எழுத வேண்டும் என்றாள். நாளைக்குப் பத்து மணிக்கு வா என்றேன்.

ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். நான் இன்னும் குளித்திருக்கவில்லை. அதற்குள் என் கணவர் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.