சாம்பிராணி போட்ட வீடு

சிதம்பரத்தில் என் மகள், சளி பிடித்த பேரனுக்குச் சாம்பிராணிப் புகை காட்டினாள். அந்த மணத்தில், நான் சிறுவனாய் இருந்த முதுநகர் வீடு நினைவில் திரும்பி வந்துவிட்டது.

அங்கே கைக்குழந்தையான என் தங்கை இருமி இருமி மூச்சிழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவலாம்க்கா" என்றார் அப்பா.

"சளிக்குப் போயி ஆஸ்பத்திரியா? பொகை போட்டா கரைஞ்சிடும்டா" என்று சிரித்த அத்தை, தணல்மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றது.

"பாத்தியா, கரைஞ்சிடுச்சு!"

மூச்சும் நின்றிருந்தது.

பிறகு நான் சுகாதாரத் துறையில் சேர்ந்து, நிமோனியாவைப் பற்றி ஊர் ஊராகப் பேசி, ஓய்வும் பெற்றேன். என் வீட்டுக்குள் மட்டும் அந்தப் பேச்சு வந்து சேரவில்லை.

மகள் வைத்திருந்த தணலில் தண்ணீரை ஊற்றினேன். "கெளம்பும்மா, டாக்டர்கிட்ட போவலாம்."

"வெறும் சளிதாம்ப்பா."

அவள் மடியில் பேரன் இருமினான். வழியெல்லாம் இருமிக்கொண்டே வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.