குக்கர் அக்காவின் எட்டு மணி நேரம்

ஆய்வகத்தில் அவரை எல்லோரும் குக்கர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிப்சைட் என்ற அலுமினிய ஹைட்ராக்சைடு மாவைத் தண்ணீரோடு டெஃப்லான் கிண்ணத்தில் போட்டு, எஃகு உறைக்குள் இறுகத் திருகி, அடுப்பில் வைப்பதுதான் பதினோரு வருடமாக அவர் வேலை. அடைபட்ட சூட்டிலும் அழுத்தத்திலும் கிப்சைட் தன்னிடமுள்ள நீரில் கொஞ்சத்தை இழந்து போமைட் ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் வெள்ளை மாவுதான். எக்ஸ்ரே கருவிதான் காட்டிக் கொடுக்கும்.

எட்டு மணி நேரத்தில் முழுதாக மாறும் என்று அக்கா எழுதிக் கொடுத்திருந்தார். அதை நம்பிக் கொதிகலன் வடிவமைத்த தொழிற்சாலையிலிருந்து திங்களன்று சேதி வந்தது: அங்கே பாதிதான் மாறுகிறதாம்.

"டிகிரியைச் சரியாப் பார்த்தீங்களாம்மா?" என்றார் ஆய்வகத் தலைவர்.

"பதினோரு வருஷமாப் பார்க்கிறேன் சார்."

"அதான் பயமா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலைன்னா, அடுப்பை வேற ஆள்கிட்ட கொடுக்கணும்."

அக்கா இரண்டு வெப்பமானிகளை வைத்துப் பார்த்தார். அடுப்பில் கோளாறில்லை. புது மாவு போட்டார். அதே முழு மாற்றம். புதனன்று கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பியபோதுதான் உள்சுவரில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் காரக் கரைசலை ஊற்றிச் சூடாக்கிக் கழுவ வேண்டும் என்பது விதி. அந்த நெடி இருமலைக் கிளப்புகிறதென்று, அக்கா அந்த எட்டு மணிக் கணக்கை எழுதிக் கொடுப்பதற்கு முன்பிருந்தே தண்ணீரும் பிரஷ்ஷுமாக முடித்துக்கொண்டிருந்தார். ஒட்டியிருந்த பழைய போமைட் துகள்கள் புதிய மாவுக்கு விதையாகி வேலையை விரைவுபடுத்தியிருக்குமோ?

வியாழன் காலை ஏழு மணிக்குப் பழைய கிண்ணமும் பிரிக்காத புதுக் கிண்ணமும் ஒரே அடுப்புக்குள் போயின. மதியம் கணவர் போனில் கேட்டார்: "வெந்துதா?"

"விசில் வராத குக்கருங்க இது. ஆறினப்புறம் திறந்தாத்தான் தெரியும்."

வெள்ளி காலை கருவி சொல்லிவிட்டது. பழையதில் முழுதும் போமைட். புதியதில் பாதி.

பழைய கிண்ணத்தைக் குப்பையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அக்கா ஒன்றையும் மறைக்காமல் தன் கையெழுத்திலேயே எழுதி மேசையில் வைத்தார்.

தலைவர் இருமுறை படித்தார். "உங்க தப்பை நீங்களே எழுதித் தர்றீங்க."

"தப்பு எதுன்னு தெரிஞ்சுபோச்சு சார். இனி அதை அளந்து போடணும். எத்தனை சிட்டிகை போமைட் போட்டா எத்தனை மணி நேரம் மிச்சமாகும்னு சொன்னா, அவங்க கொதிகலன் வீணாகாது. அதைச் சொல்ல எனக்கு அடுப்பு வேணும்."

தலைவர் பேனாவை எடுத்தார்.

"எத்தனை கிண்ணம் வாங்கணும்?"

"ஆறு. கூடவே ஒரு நல்ல முகமூடி."