குழாயடியிலிருந்து வந்த தண்ணீர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே கிளார்க் சிவசம்புவுக்கு மகள் கனகேஸ்வரி டாக்டராக வேண்டும் என்று ஆசை. அவளோ தண்ணீரைச் சோதிக்கும் படிப்புக்குப் போனாள். சொந்தக்காரர்கள் கேலி செய்து ஓய்ந்தார்கள்.

எண்பதுகளில் கேரி தீவுத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்தில் அடுத்தடுத்துப் பலருக்குப் புற்றுநோய் கண்டது. அவர்கள் குடிப்பது செம்பனைக் காட்டோரக் கிணற்றுத் தண்ணீர். களைக்கொல்லி மருந்து அதில் இறங்குகிறதா என்று பார்க்கும் வேலை கனகேஸ்வரியிடம் வந்தது. இறங்குவது உறுதியானால் நிர்வாகம் லயத்துக்குக் குழாய் போட்டே ஆகவேண்டும். கணவன் கன்னையாவை அந்த நோய்க்குப் பறிகொடுத்த நல்லம்மாள், அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

விடிந்ததும் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லி, கனகேஸ்வரி வீட்டுக்கு ஒரு போத்தல் கொடுத்துப் போனாள். பாழாய்ப்போன நம்பிக்கை. கூடவே நின்று பிடித்திருக்கலாம்.

சோதனையில் ஒன்றுமே இல்லை. கிணற்றுத் தண்ணீர் சுத்தமானது என்று தோட்ட மானேஜர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அறிவித்தார். நோய்க்குப் பயந்து ஆபீஸ் குழாயடிக்கு நடக்க ஆரம்பித்திருந்த பெண்களை, இனி அந்தப் பக்கமே வரக்கூடாது என்றார்.

தண்ணீரை எங்கே பிடித்தார்கள் என்று கேட்கக் கனகேஸ்வரி பதறிக்கொண்டு லயத்துக்கு ஓடினாள். நல்லம்மாள் பெருமையாகத்தான் சொன்னாள்.

"கோலாலம்பூருக்குப் போற தண்ணி, கலங்கலா அனுப்புவோமாம்மா? லயத்துக்கே மானக்கேடுலா. பூசைக்கு ஆபீஸ் குழாயில புடிச்சாருவோம்ல, அதத்தான் எல்லாரும் ஊத்துனோம்."

விருந்தாளிக்கும் சாமிக்கும் நல்ல தண்ணீர், தங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர். அவர்கள் வழக்கம் அது. கனகேஸ்வரிக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. தன்மேல்தான் வந்தது.

மேலதிகாரி சண்முகரத்தினத்திடம் உள்ளதைச் சொன்னாள். அப்படியானால் அந்த ஜனங்கள் நோயைப் பற்றிச் சொன்னதையும் நம்ப முடியாது என்று அவர் ஆய்வையே மூடினார். மறுபடி தண்ணீர் எடுக்கத் தோட்டமும் அனுமதிக்கவில்லை. உண்மையைச் சொல்லியும் வாசல் அடைபட்டது. சொல்லாமல் இருந்திருந்தாலும் காகிதத்தில் கிணறு சுத்தம்தான். அவள் பஸ்ஸில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கடைசியாக ஒருமுறை போனாள். கிணற்றடியில் நல்லம்மாள் நின்றிருந்தாள்.

"அக்கா, இதைக் குடிக்காதீங்க."

"குழாயடிய பூட்டிட்டாங்கம்மா. நல்ல தண்ணின்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

கோபமே இல்லாத கேள்வி அது. நல்லம்மாள் வாளியை உள்ளே இறக்கினாள். பிள்ளைத்தாய்ச்சியான அவள் மகள் சந்திரகலா குடத்தை நகர்த்தி வைத்தாள்.