அப்பாவின் ஜெபத்தில் கடைசிப் பெயர்

பால் பொங்கிக்கொண்டிருந்தது. கேஸை அணைக்கச் சொல்லி மகளைக் கூப்பிட்டேன். "ரயிலை அணை" என்று வாயில் வந்தது. ரயிலை எப்படி ஆஃப் செய்வது என்று கேட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் என் வலது கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வார்த்தை தடுமாறினால் எங்களைப்போல் சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். செம்பூர் நெரிசலில் ஆட்டோக்காரரோடு இந்தியில் சண்டை போட்டு என் மகள் கொண்டுசேர்த்ததால் எனக்குக் கைகால் பிழைத்தது. பேச்சு பிழைக்கவில்லை. அஃபேசியா (பக்கவாதத்தில் மூளையின் பேச்சுப் பகுதி அடிபட்டுச் சொற்கள் தொலைந்துபோவது) என்றார் டாக்டர். எதிரே நிற்பவள் என் மகள் என்று தெரிந்தது. அவள் பெயர்தான் வரவில்லை.

பெற்றவளுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்? அவள் தன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். நான் அவள் உதட்டையே பார்த்துவிட்டு "தோசை" என்பேன். அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதது எனக்குக் கேட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஒரு மராட்டிப் பெண். இந்தியில் கிழமைகளைச் சொல்லச் சொன்னார், நடக்கவில்லை. கடைசியில், சின்ன வயதில் வீட்டில் தினமும் காதில் விழுந்தது ஏதாவது உண்டா என்று கேட்டார். பாட்டோ மந்திரமோ, அப்படி மனதில் ஊறியவை சில சமயம் அடிபடாமல் தப்பிவிடும் என்றார்.

நான் வளர்ந்த தாராவி அறை ஞாபகம் வந்தது. அப்பா தோல் பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் பாய் விரிப்போம். வீட்டு ஜெபம் முடியாமல் சோறு கிடையாது. அவர் ஜெபமோ அனுமார் வால். சந்துக் குழாயில் தண்ணீர் வர வேண்டும், முதலாளியின் மூட்டுவலி குணமாக வேண்டும், எல்லாம் கேட்டு முடித்துத்தான் எங்கள் பெயர்களுக்கு வருவார். அம்மா பொன்மணி, அண்ணன்கள் சாமுவேல், தங்கராஜ், கடைசியில் ராணி. ராணி நான். என் பெயர் வந்தால் சோறு வந்தது என்று அர்த்தம். மீன்குழம்பு வாசனைக்கு ஒரு கண்ணைத் திறந்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். எங்கள் எல்லோர் முழங்காலும் இடித்துக்கொண்ட அந்த அறைக்குள் இன்னொரு முறை உட்கார மாட்டோமா என்று ஏக்கமாக இருந்தது.

அந்த விசுவாசத்தை விட்டு நான் சண்டை போட்டுக்கொண்டு விலகவில்லை. மாட்டுங்காவில் ஆபீஸ் வேலை கிடைத்தது. ஞாயிறு என்றால் தூக்கம் என்றானது. வீடு செம்பூருக்கு மாறியதும் தாராவிக் கோயில் தூரமானது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோயில் என்றால் சர்ச். மாதம் ஒருமுறை போனது கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்று சுருங்கியது, பிறகு அதுவும் நின்றது. கணவர் இறந்தபின் ஆண்டவரிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை என்று தோன்றியது. அப்பா மட்டும் விடவில்லை. என் மகள் பிறந்ததும் என் பெயருக்குப் பின்னால் அவளைச் சேர்த்துக்கொண்டார். கண்மூடும்வரை சொன்னார்.

அன்று சாயங்காலம் கண்ணை மூடினேன். அப்பா ஜெபிக்கும் அதே ராகத்தில் "பொன்மணி" என்று வந்தது. சாமுவேல், தங்கராஜ், ராணி. நாக்கு நிற்கவில்லை.

"எஸ்தர்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மகள் ஓடிவந்தாள். "அம்மா, இன்னொருக்க சொல்லும்மா."

தனியாகச் சொல்ல முடியவில்லை. மறுபடியும் பொன்மணியிலிருந்து தொடங்கினேன். கடைசியில் அவள் பெயரும் வந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நாலு பேரோடு சேர்ந்து மெதுவாகப் பேசிப் பழகுங்கள் என்றார் பயிற்சியாளர். இந்த ஊரில் மெதுவாகப் பேச யாருக்கு நேரம்? கோயிலில்தான் ஜெபத்தை எல்லோரும் ஒன்றாக இழுத்து இழுத்துச் சொல்வார்கள். பஸ் பிடித்துத் தாராவிக்குப் போனேன். 'சங்கடம் வந்தால் வெங்கடரமணா' என்று ஆபீஸ் தோழி கிண்டல் செய்தாள். உண்மைதான். பயிற்சிக்காகத்தான் போனேன். கூட்டத்தின் குரல் என் குரலைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். "அப்பா... இருக்கீரா" என்று கேட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்காத, மனப்பாடம் இல்லாத இரண்டு சொற்கள். கேட்டது என் அப்பாவையா, அவர் தினமும் கூப்பிட்ட ஆண்டவரையா என்று பிரித்துப் பார்க்கவில்லை. நான் ஜெபிக்காத வருடங்களிலும் என் பெயர் அப்பாவின் ஜெபத்தில் தினமும் சொல்லப்பட்டிருக்கிறது என்பது மட்டும் உறைத்தது. மனசு நிறைந்து அழுதேன்.

இப்போது பல சொற்கள் நொண்டிக்கொண்டாவது வருகின்றன. மகளின் பெயர் மட்டும் நேராக வருவதில்லை. முன்பு ஒரு நொடியில் கூப்பிட்ட அவளை, இன்று இறந்துபோன அம்மாவையும், ஊரில் இருக்கும் அண்ணன்களையும், என்னையும் தாண்டித்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. நான் அவசரப்படுவதில்லை. அவளும் பழகிவிட்டாள். "பொன்மணி" என்றதுமே கையிலிருப்பதை வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். தன் பெயர் வந்ததும், நான் ஒருநாளும் ஜெபிக்கக் கற்றுக்கொடுக்காத என் மகள், "ஆமென்" என்று சொல்லிக்கொண்டே வருகிறாள்.