சண்டை இல்லாத பாகப்பிரிவினை

எழுபதுகளின் கடைசியில், எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தபோது, அப்பா விட்டுப்போன வீட்டு மனையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று தம்பியிடம் கேட்டேன். நான் ஆரணியில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியை. கல்யாணம் ஆகவில்லை. தம்பி, அவன் மனைவி, மூன்று பிள்ளைகள், நான் என்று எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் பள்ளியில் நாள் முழுக்கத் தொண்டை வற்றக் கத்திவிட்டு வந்து, மறுபடியும் கூடத்து இரைச்சலுக்கு நடுவே நோட்டுத் திருத்த உட்காரும்போது, எனக்கென்று ஓர் இடம் இருந்தால் போதும் என்று இருக்கும். அவ்வளவுதான் காரணம்.

தம்பி சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ எதனா சொன்னாளாக்கா?" என்றான்.

"யாரும் எதுவும் சொல்லலடா. தனியா இருக்கணும்னு தோணுது."

"கண்ணு முன்னாடிதானே இருக்கப் போற, சரி" என்று ஒத்துக்கொண்டான்.

எங்கள் மனை தெருப்பக்கம் குறுகல், பின்னால் நீளம். முன்பாதியும் வீடும் தம்பிக்கு, காலியாகக் கிடந்த பின்பாதி எனக்கு என்று பேசிக்கொண்டோம். நகராட்சி அலுவலகத்தில் அது செல்லவில்லை. ஒவ்வொரு மனைக்கும் தெருவில் குறிப்பிட்ட அகலம் இருக்க வேண்டுமாம். பின்மனைக்குத் தெருவே கிடையாது. வீட்டை ஒட்டி ஓர் ஆள் போகிற சந்துதான்.

"விதிவிலக்கு கேட்டு வேலூருக்கு எழுதணும் டீச்சர்" என்றார் அங்கிருந்த குமாஸ்தா. "வராதுன்னு சொல்லல. ஜல்தியா வராது."

முதலில் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அவர் வந்த காலை, எங்கள் தெருவின் நீளத்துக்கும் நெசவாளர்கள் தறிக்கான பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டி அளவுச் சங்கிலி போட வழியில்லை. "ஒரே பேஜாரா கீதுங்க" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்து வருவதாகச் சொன்ன வாரம் லீவில் போய்விட்டார். அப்புறம் தேர்தல் வேலை. அவர் அளந்து முடித்தபோது நான் கேட்டது எதற்கு என்பதே பாதி மறந்திருந்தது.

பிறகு வேலூர். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, கண்ணமங்கலம் வழியாகப் போகும் பஸ்ஸில் பெரும்பாலும் நின்றுகொண்டே போவேன். அதிகாரி கேம்ப் போயிருப்பார். அவர் இருக்கும் நாளில் ஃபைல் வந்திருக்காது. ஃபைல் வந்த பிறகு வரைபடத்தில் சந்தின் அகலம் குறிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டேன்.

கடைசியில் ஒருநாள் அதிகாரி கூப்பிட்டார். நரைத்த தலை, பொறுமையான மனிதர்.

"குடும்பத்துல தகராறாம்மா?"

"இல்லிங்க சார்."

"விக்கப் போறீங்களா?"

"இல்லிங்க. நான் இருக்கறதுக்குத்தான்."

"அப்ப எதைக் காட்டி நான் விதியத் தளர்த்துறது? கஷ்டம்னு ஒண்ணு இருந்தாத்தான் எழுத முடியும். சேர்ந்து வாழ முடியலன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க."

அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று ஆரணி வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் பத்திரம் எழுதுபவரிடம் போய் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

தம்பி அதை இரண்டு தடவை படித்தான். ஒரே குடும்பமாக வாழ இயலாத அளவுக்கு மனவேற்றுமை என்று இருந்தது.

"இது பொய்க்கா."

"ஆமாண்டா."

"பொய்யின்னு தெரிஞ்சும் என்னைக் கையெழுத்து போடச் சொல்றியா?"

 சமையலறை வாசலிலிருந்து அவன் மனைவிதான் பேசினாள். "போட்டுடுங்க. அவங்க எத்தினி வருஷமா அலைஞ்சிகினு இருக்காங்க. நான்தான் தொரத்திட்டேன்னு ஊரு பேசப் போவுது. பேசட்டும். கேட்டுக்கறேன்."

அவன் கையெழுத்துப் போட்டான். அதன் பிறகு பல மாதங்கள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. வாயைத் திறந்து சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

எண்பதுகள் பிறந்த பிறகு உத்தரவு வந்தது. வீட்டை ஒட்டிய சந்தை அகலப்படுத்த வேண்டும் என்று நிபந்தனை. அதற்கு முன்வீட்டுக் குளியலறையை இடிக்க வேண்டியிருந்தது. தம்பி ஆளை வைத்து இடித்து, வேறு பக்கம் கட்டிக்கொண்டான். நான் பிராவிடன்ட் ஃபண்டில் லோன் போட்டு ஓர் அறையும் சமையலுக்கு ஒரு தடுப்பும் கட்டினேன். தம்பி மனைவி சொன்னது போலவே ஆனது. சர்ச்சில் பெண்கள் என்னைத் தனியே அழைத்து, "உங்க தம்பி பொண்டாட்டி என்ன பண்ணாங்க?" என்று பரிவாகக் கேட்டார்கள். ஒன்றும் பண்ணவில்லை என்றேன். ஒருவரும் நம்பவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டும் என்னிடம் முகம் கோணவில்லை. அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

குடிபோனது ஒரு சனிக்கிழமை. தம்பி என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிவந்து வைத்துவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"வெளிச்சம் நல்லா இருக்குதுக்கா" என்றான். வெகுநாள் கழித்து அவனாகப் பேசியது அது.

"உக்காருடா" என்றேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டான். தனியாக இருக்கும் முதல் நாள் என்னென்னவோ செய்ய வேண்டும் என்று பஸ்களில் நின்றபடி நினைத்து வைத்திருந்தேன். எதுவும் செய்யத் தோன்றவில்லை. கடையில் வாங்கிய பன்னைத் தின்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் பாயை விரித்துப் படுத்தேன். மறுநாள் ஆராதனை மணி அடித்தது காதில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை.